கோணிய வாய்க்கு யார் மறுப்பு எழுதுவது?

கடைசிப்பத்தி:
2015 மே 6, பிரிட்டன் பொதுத்தேர்தலுக்கு முந்தைய நாள். ‘தி சன்’ நாளிதழின் முதல் பக்கம் முழுக்க ஒரே படம். தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் பன்றிக்கறி சாண்ட்விச்சைக் கடிக்கிறார், வாய் கோணியிருக்கிறது. படம் எடுத்ததோ 2014 மே மாதத்தில். ஒரு வருடம் கழித்து அதைத் தூசு தட்டிப் போட என்ன செய்தி இருந்தது? கட்டுரையில் அவரைத் திட்டியிருந்தால் பதில் எழுதலாம். கோணிய வாய்க்கு யார் மறுப்பு எழுதுவது?

தெற்குத்தெரு:
பாதிப் பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். இவரை ஆட்சிக்கு வரவிடாதீர்கள் என்று அதே பக்கத்தில் எழுதியே இருந்தார்கள். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அது யார் பக்கம் என்று தெரியும். நடுநிலை வேடம் போடுவதைவிட இது நேர்மை.

கடைசிப்பத்தி:
நேர்மையா? அதே தேர்தலில் ஏப்ரல் 30 அன்று, லண்டன் பதிப்பில் பிரதமர் டேவிட் கேமரன் துணியில் சுற்றிய பச்சைக்குழந்தை. ஸ்காட்லாந்துப் பதிப்பில், அந்நாட்டின் பிரிவினை கேட்கும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் தலைவர் நிக்கோலா ஸ்டர்ஜன் ‘ஸ்டார் வார்ஸ்’ இளவரசி கோலத்தில், கையில் ஒளிவாள். இரண்டும் அவரவருக்கு ஆதரவாக. முதலாளி ஒருவர்தான், நாளும் ஒன்றுதான். ஸ்டர்ஜனின் கட்சியைக் காட்டித்தான் கேமரன் அப்போது வாக்காளர்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார். இரண்டில் எது அந்தப் பத்திரிகையின் நம்பிக்கை?

தெற்குத்தெரு:
வாசகர் எங்கே போகிறாரோ அங்கே பத்திரிகை ஓடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1992 ஏப்ரல் 9, தேர்தல் நாளன்று, அப்போதைய தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் தலையை மின்விளக்குக் குமிழுக்குள் வைத்துப் போட்டார்கள். அவர் தோற்றதும் ‘சன்தான் வென்று கொடுத்தது’ என்று பீற்றிக்கொண்டார்கள். அந்தப் பீற்றல் தவறு என்று முதலாளி ரூபர்ட் முர்டாக்கே 2012இல், பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவிசன் விசாரணையில் சொல்லிவிட்டார். 1997இல் அதே பத்திரிகை தொழிற்கட்சியின் டோனி பிளேர் பக்கம் போய்விட்டது.

அச்சுமை:
இருவரும் கூச்சல் போடுகிற பக்கங்களையே பேசுகிறீர்கள். நான் ஒரு நாளிதழில் பக்கம் வடிவமைத்தவன். ஒரு பொதுக்கூட்டப் படம் வந்தது. பின்னால் நாலு வரிசை நாற்காலி காலி. மேலே இரண்டு விரற்கடை வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன், மைதானம் நிரம்பிவிட்டது. அடுத்த வாரம் எதிர்க்கட்சிக் கூட்டம். காலி நாற்காலிகள் தெரிய அகலப் படம், அதுவும் பக்கத்தின் மடிப்புக்குக் கீழே, சட்டென்று கண்ணில் படாத இடத்தில். ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த இரண்டு பக்கங்களையும் இன்றுவரை என்னால் எடுத்துப் பார்க்க முடியவில்லை.

தெற்குத்தெரு:
ஐயா, இதை நான் மறுக்க மாட்டேன். அந்த வாசகருக்குத் தாம் ஒரு கட்சியின் பக்கத்தைப் பார்ப்பதே தெரியாது, அது ஏமாற்று. மிலிபாண்ட் படம் அந்த வகை அல்ல.

கடைசிப்பத்தி:
வெளிப்படையாகச் செய்தால் போதும் என்றால், 2016 நவம்பர் 4 ‘டெய்லி மெயில்’? ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் நடைமுறையை நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் அரசு தொடங்க முடியாது என்று தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளின் முகங்களை வரிசையாக வைத்து, ‘மக்களின் எதிரிகள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். காவல் நிலையச் சுவரில் தேடப்படுகிறவர்களின் படங்கள் ஒட்டியிருக்குமே, அதே அடுக்கு. மிலிபாண்ட் மறுநாள் மேடை ஏறலாம். நீதிபதி எங்கே ஏறுவார்?

தெற்குத்தெரு:
நீதிபதிகள் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். தீர்ப்பை எவ்வளவு கடுமையாகவும் எழுதியிருக்கலாம். முகங்களை அப்படி அடுக்கியிருக்கக் கூடாது. சாண்ட்விச் படத்தில் என் கருத்து மாறவில்லை.