ஓராண்டுத் தொண்டுப் பணி: போன இடத்தில் காலூன்றுவது எப்படி? (பலரின் அனுபவப் பகிர்வு)

புது ஊரில் தங்கித் தொண்டு செய்யப் போகிறவர்கள், ஓராண்டுப் பணி என்றதும் கையில் பன்னிரண்டு மாதம் இருப்பதாகக் கணக்குப் போடுகிறார்கள். பயிற்சி, விடுப்பு, கடைசி ஒப்படைப்பு எல்லாம் போக எட்டு ஒன்பது மாதம் தேறினால் அதிகம். தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பில் வழக்கமான பணிக்காலம் 27 மாதம். அதில் ஏறத்தாழ முதல் 3 மாதம் பயிற்சிக்கே போகிறது. அந்த நிதானத்துக்கு எழுதப்பட்ட கையேட்டை அப்படியே ஓராண்டுக்குப் பொருத்தினால் இடிக்கும். ஆனாலும் முதல் ஆறு வாரத்தில் சொந்தத் திட்டம் எதையும் தொடங்காமல், ஏற்கெனவே நடக்கிற வேலையில் கூடமாட நிற்பதுதான் சரி.

அந்த ஆறு வாரத்தில் உருப்படியான வேலை வரைபடம். பெரிய தாளில் தெரு, பள்ளி, தண்ணீர் எடுக்கும் இடம், ஆட்கள் கூடும் இடம் என்று தெரிந்தவரை பென்சிலால் வரைந்து, அங்கே இருப்பவர்களிடம் காட்டுங்கள். தப்பாக இருந்தால் இன்னும் நல்லது. திருத்த உட்கார்ந்தால் யார் வீடு, எந்தப் பாதை ஏன் அடைபட்டது என்று எல்லாம் தானாக வரும். கேள்வித்தாளோடு போனால் இதில் பாதிகூட வராது. பெண்கள், முதியவர்கள், இளைஞர்கள் என மூன்று குழுவிடமும் தனித்தனித் தாள் கொடுங்கள். ஒரு தாளில் பெரிதாக இருக்கும் இடம் இன்னொன்றில் இருக்கவே இருக்காது. அங்கிருந்துதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் தொடங்கும்.

—

வரைபடத்தோடு பருவ நாட்காட்டியும் போடுங்கள். பன்னிரண்டு கட்டம், வரிசைகளில் வேலை நெருக்கடி, மழை, பள்ளித் தேர்வு, திருவிழா, வெளியூர் வேலைக்குப் போகும் மாதம், நோய் அதிகம் வரும் மாதம், கையில் காசு இருக்கும் மாதம். கூட்டத்துக்கு ஆள் வராததற்குப் பெரும்பாலும் ஆர்வமின்மை காரணமில்லை, நேரம்தான். இரண்டாண்டுப் பணியில் ஒரு பருவத்தைத் தவறவிட்டால் மறுவருடம் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஒவ்வொரு பருவமும் ஒரே தடவைதான்.

பெயர்களை அன்றிரவே எழுதுங்கள்: பெயர், வீடு, யாருக்கு என்ன உறவு. உச்சரிப்பு சிக்கலாக இருந்தால் அவர்களையே சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யலாம், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

—

முதல் மாதத்தைவிட ஏழாம் மாதம்தான் சிலருக்குக் கனக்கிறது. ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் உதவித்தொகையில் போய்வந்த தம் நாட்டவரை ஆராய்ந்து 1955-இல் எழுதினார்: ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் 18 மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் ஓரளவு நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், இடைப்பட்டவர்கள்தான் திணறினார்கள். ஓராண்டுக்காரரின் பின்பாதி முழுக்க அந்த இடைவெளிக்குள் விழுகிறது! ஆனால் இதை விதியாக எடுக்க வேண்டாம். உளவியலாளர் கொலீன் வார்டும் உடனாய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டு மாணவர்களுக்கு வந்திறங்கிய நேரத்திலேயே மன அழுத்தம் உச்சமாக இருந்தது. அதனால் இரண்டு இடத்திலும் பிடிமானம் வேண்டும். தொடக்கத்தில், வீட்டுக்குப் பேச வாரத்தில் இரண்டு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் மணிக்கணக்கில் பேசினால் உடம்பு மட்டும்தான் அங்கே இருக்கும். நடுவில், விடுப்பை ஆறாம் மாதத்துக்குப் பிறகு ஒரு வாரமாவது மிச்சம் வையுங்கள். முதல் மூன்று மாதத்திலேயே நீண்ட விடுப்பு எடுத்தால், திரும்பி வந்து பழக்கத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

—

தங்குமிடம் பற்றி இதுவரை பகிர்ந்தவர்கள் யாரும் சொல்லவில்லையே. ஒரு குடும்பத்தோடு தங்குவதானால் முதல் இரண்டு நாளிலேயே கேட்டுவிட வேண்டியவை: இரவு கதவு எத்தனை மணிக்குப் பூட்டும், சாவி உங்களிடம் உண்டா, குளிக்கவும் துவைக்கவும் எந்த நேரம், சமையலறைக்குள் போகலாமா, வீட்டு வேலையில் உங்கள் பங்கு என்ன, விருந்தாளி வரலாமா, வாடகையை யார் கையில் எந்தத் தேதியில் கொடுப்பது. சங்கோஜப்பட்டு விட்டுவிட்டால் மூன்றாம் மாதம் அது மனத்தாங்கலாக வரும், அதுவும் வேறு ஏதோ விஷயத்தின் பெயரில்.

பொறுப்பாளரிடமும் அப்படித்தான். வேலை நேரம், வார விடுமுறை, பயணச் செலவை யார் எப்போது தருவது, அவர் இல்லாதபோது யாரிடம் கேட்பது, அவசரத்தில் யாரை அழைப்பது. பேசி முடித்த அன்றே ஒரு பக்கத்தில் எழுதி அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தொண்டர் என்றால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று நினைப்பவர்கள் எங்கும் உண்டு.

கடன் கேட்டால் ஒரே பதில், எல்லோருக்கும் அதே பதில். ஒருவருக்குக் கொடுத்த செய்தி உங்களுக்கு முன்னால் ஊரைச் சுற்றிவிடும். குழந்தைகளைப் படமெடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். முதல் சில வாரம் கேமராவை வெளியே எடுக்காமல் இருந்தாலே பாதிப் பேச்சு குறையும்.

—

ஒன்றைச் சேர்க்கிறேன். முதல் நாளே தேடி வந்து ஒட்டிக்கொள்பவர், பல நேரங்களில், மற்றவர்களோடு ஒத்துப்போகாதவர். அவரைத் தள்ள வேண்டாம், அவர் வழியாக மட்டும் ஊரைப் பார்க்கவும் வேண்டாம். உங்களை யார் கூட்டிவந்து அறிமுகம் செய்தார்களோ அவர்களுடைய பகையும் சேர்ந்தே உங்கள் மேல் ஒட்டும். அதனால் முதல் மாதத்துக்குள் எதிர்த்தரப்பின் வாசலிலும் ஒருமுறை போய் உட்காருங்கள். காரணம் எதுவும் வேண்டாம், நலம் விசாரித்தால் போதும்.

அடுத்து வருபவருக்கான கோப்பைப் பத்தாம் மாதமே தொடங்குங்கள்: திருத்திய வரைபடம், நாட்காட்டி, எந்தச் சாவி யாரிடம், பாதியில் நிற்கும் வேலை, நீங்கள் கொடுத்து இன்னும் நிறைவேற்றாத வாக்குகள். கடைசி வகையை யாரும் எழுதுவதில்லை. புதியவர் வந்திறங்கியதும் ஊரார் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.