டோக்கியோ ஸ்டோரியை ஒன்றரை வேகத்தில் பார்த்தால் அது பார்த்த கணக்கா?

நடுராத்திரி:
போன வாரம் மூன்று படம் பார்த்தேன். மூன்றும் கறுப்பு வெள்ளை, மூன்றும் ஐம்பதுகளில் வந்தவை. திட்டம் போட்டுச் செய்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது.

முதலில் '12 ஆங்கிரி மென்' (1957). ஒரு பையனை மரண தண்டனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று பன்னிரண்டு ஜூரிகள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவ்வளவுதான் படம். 96 நிமிடமும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அடுத்து 'செவன் சாமுராய்' (1954). 207 நிமிடம் என்பதால் இரண்டு இரவாகப் பிரித்துக்கொண்டேன். கடைசி மழைச் சண்டையைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. எனக்கு மனசில் நின்றது வேறு. கிராமத்தைக் காக்க வரும் ஏழு சாமுராய் வீரர்களில் நான்கு பேர் சாகிறார்கள், நால்வருமே துப்பாக்கிக் குண்டுக்குத்தான். வாளுக்கு ஒருவர்கூட இல்லை. படம் இதை எங்கேயும் நிறுத்திச் சொல்வதில்லை, நாமாக எண்ணிப் பார்த்தால்தான் உறைக்கும்.

மூன்றாவது 'டோக்கியோ ஸ்டோரி' (1953). சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது இருக்கிறது. வயதான அப்பா அம்மா பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை, ஊர் திரும்புகிறார்கள், அம்மா இறந்துபோகிறார். 136 நிமிடம். இருபதாவது நிமிடத்தில் வேகத்தை 1.5 ஆக்கிவிட்டேன். எதுவும் தவறிப்போனதாகத் தெரியவில்லை. கதை நல்ல கதை, ஆனால் இவ்வளவு நேரம் தேவையில்லை. பத்துக்கு ஐந்தரை.

கடைசிவரிசை:
தவறவிட்டவருக்கு என்ன தவறியது என்று எப்படித் தெரியும்?

இதை எடுத்த இயக்குநர் ஓசுவின் கேமரா தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கும், நகரவே நகராது என்று சொல்லலாம். ஒருவர் பேசி முடித்த பிறகும் ஷாட் கொஞ்சம் நிற்கும். அப்புறம் ஒரு புகைபோக்கி, காயும் துணி, ஆளில்லாத நடைவழி, போகிற ரயில். அந்த மனிதர் ஷாட்டின் நீளத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தவர். அதாவது ஒன்றும் நடக்காத அந்த நொடிகளைத்தான் அவர் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். நீங்கள் சரியாக அதில்தான் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருக்கிறீர்கள். ஐந்தரை யாருக்கு? ஓசுவுக்கா, நீங்கள் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'க்கா?

நடுராத்திரி:
கோபம் புரிகிறது. ஆனால் பிடிக்காத நாவலில் நான்கு பக்கம் தாவிப் படித்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. படத்துக்கு மட்டும் ஏன் இந்த மடி? என் நேரம், என் திரை.

ஃப்ரேம்கணக்கு:
நான் நடுராத்திரி பக்கம், ஆனால் வேறு காரணத்துக்கு. படத்தின் வேகம் கல்வெட்டு இல்லை.

ஊமைப் படங்களைக் கையால் சுற்றித்தான் எடுத்தார்கள். நொடிக்கு 16 ஃப்ரேம், 18, 20 என்று ஆளுக்கு ஆள், படத்துக்குப் படம் மாறும். எடுத்த வேகத்திலேயே தியேட்டரில் ஓட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. நாளுக்கு ஒரு ஆட்டம் கூடுதலாக ஓட்ட வேண்டுமென்றால் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவார்கள். ஒலி வந்த பிறகுதான் 24 நிலைத்தது.

சரி, 24 நிலைத்ததே, அப்புறமாவது ஒழுங்காக ஓடியதா? PAL என்ற ஒளிபரப்பு முறையில் டிவி இருந்த நாடுகளில் நொடிக்கு 25 ஃப்ரேம். அதனால் 24இல் எடுத்த படத்தை 25இல் ஓட்டிவிட்டார்கள். நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் இம்மி கூடிக் கேட்கும். பழைய டிவியில் பார்த்து அழுதோமே, அந்தப் படங்களில் பலவற்றை நான்கு சதவீதம் கூடுதல் வேகத்தில்தான் பார்த்திருப்போம். யாருக்கும் கண்ணீர் குறையவில்லை.

கடைசிவரிசை:
நான்குக்கும் ஐம்பதுக்கும் வித்தியாசம் இல்லையா? அளவுதான் இங்கே விஷயமே.

நடுராத்திரிக்குப் பிடித்த படங்களையே எடுத்துக்கொள்வோம். '12 ஆங்கிரி மென்' பார்க்கும்போது எழுந்திருக்கவில்லை என்றார். ஏன்? இயக்குநர் சிட்னி லூமெட் செய்த வேலை அது. முதல் பகுதியில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே இருக்கும். நடுப்பகுதியில் கண் மட்டம். கடைசியில் அதற்கும் கீழே இறங்கி, மேற்கூரை தெரிய ஆரம்பிக்கும். கூடவே லென்ஸும் நீளமானதாக மாறிக்கொண்டே வரும், சுவர்கள் நெருங்கி வருவது போல இருக்கும். அறை அப்படியேதான் இருக்கிறது, நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது. இது நம் கண்ணுக்குப் படாமல் நடக்க 96 நிமிடம் வேண்டும். 64 நிமிடத்தில் முடித்தால் அந்தப் புழுக்கம் ஏறவே ஏறாது.

'செவன் சாமுராய்' ஆரம்பத்தில் பாருங்கள். குழந்தையைப் பிடித்து வைத்திருக்கும் திருடன் குடிசைக்குள்ளிருந்து தள்ளாடி வெளியே வந்து விழுகிறான், ஸ்லோ மோஷனில். பின்னால் அந்த ஒற்றைக்கு ஒற்றை வாள் சண்டையிலும் தோற்றவன் அப்படித்தான் சாய்கிறான். சுற்றி எல்லாம் சாதாரண வேகத்தில் இருப்பதால்தான் அந்த விழுகைக்கு எடை. ஒன்றரை வேகத்தில் அது யாரோ கால் தடுக்கி விழுந்த மாதிரி ஆகிவிடும்.

நடுராத்திரி:
இரண்டையும் நான் சாதாரண வேகத்தில்தான் பார்த்தேன்! பிடித்ததால் வேகத்தைத் தொடவில்லை. என் வாதத்துக்குத்தான் உதவி செய்கிறீர்கள். படம் பிடித்து இழுத்தால் கை அந்தப் பட்டனுக்குப் போகாது. போனால் அது படத்தின் குறை.

ரீல்பெட்டி:
நானும் கொஞ்சம் சொல்லலாமா? இருபது வருடம் தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவன்.

இரண்டாயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 22 நிமிடம் ஓடும். இரண்டு மெஷின். ஒன்று முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும், அதைப் பார்த்து அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். கண்ணைத் திருப்பினால் திரை வெள்ளையாகிவிடும், கீழே விசில் பறக்கும்.

வேகத்தைக் கூட்டுவது எங்களால் முடியாது, சவுண்ட் கீச்சென்று ஆகிவிடும். அதனால் வெட்டினோம். ராத்திரி ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று முதலாளி சொன்னால், இரண்டாம் பாதியில் ஒரு பாட்டு போய்விடும். எத்தனையோ பேர் அந்தப் பாட்டு இல்லாமலே படம் பார்த்துவிட்டு, படம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் மறுநாள் மேலே ஏறி வந்து, "நேற்று அந்தப் பாட்டு எங்கே?" என்று கேட்டார். முந்தின வாரமே ஒரு தடவை பார்த்தவர் போல. எனக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை.

நான் செய்தது அடுத்தவர் காசுக்கு வெட்டு. நடுராத்திரி தம்பி செய்வது தனக்குத்தானே வெட்டு, அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டில்லாமல் பார்த்தவர் அந்தப் படத்தின் பாட்டுகளுக்கு மார்க் போடக்கூடாது இல்லையா? என் வருத்தம் அந்த ஐந்தரைமேல்தான்.

நடுராத்திரி:
பாட்டென்றதும் நினைவு வருகிறது. இங்கே எத்தனை பேர் வீட்டில் பார்க்கும்போது பாட்டை ஓட்டாமல் பார்க்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

கடைசிவரிசை:
நான் ஓட்டியிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் பாட்டு தேவையில்லை என்று நினைத்த இயக்குநர் பாட்டே வைக்காமல் எடுத்தார். நீங்கள் பார்த்த 'செவன் சாமுராய்' வந்த அதே 1954இல்தான் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வந்தது. ஒரு பாட்டு கிடையாது. ஒரே கொலையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். சிவாஜி நாயகன், கொல்லப்படுகிறவரும் அவரே, நாட்டைக் காட்டிக்கொடுத்தவரும் அவரே. எதை விடுவது என்பதை எடுக்கிறவர் முடிவு செய்தால் இப்படி ஒரு படம் கிடைக்கும். ரிமோட் முடிவு செய்தால் கொஞ்சம் நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான்.

மெல்லினம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடைசிவரிசைக்கு ஒரு கேள்வி.

எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் படிக்க வரும். பெரும்பாலான உலகப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் கிடைப்பதில்லை. ஆங்கில வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும், நடிப்பவர் முகத்தைப் பார்க்கவே நேரமிருக்காது. அதனால் நான் 0.75இல் பார்ப்பேன். '12 ஆங்கிரி மென்' அப்படித்தான் பார்த்தேன், அதில் பன்னிரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுகிறார்கள். உங்கள் கணக்கில் 96 நிமிடப் படத்தை நான் 128 நிமிடமாக்கிவிட்டேன். அப்படியென்றால் நானும் பார்க்கவில்லையா?

நெட்ஃபிளிக்ஸ் 2019இல் வேகம் மாற்றும் வசதியைச் சோதித்தபோது ஜட் அபடோ, பிராட் பேர்ட் போன்ற இயக்குநர்கள் கொதித்தார்கள். நீங்கள் சொல்வதையேதான் அவர்களும் சொன்னார்கள். அடுத்த வருடம் அது வந்தபோது அமெரிக்காவில் காது கேளாதோர் சங்கமும் பார்வையற்றோர் கூட்டமைப்பும் வரவேற்றன. சப்டைட்டிலை நிதானமாகப் படிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வேகமாகக் கேட்டே பழகிய பார்வையற்றவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பட்டன் சோம்பேறிகளுக்கு மட்டுமானது இல்லை.

கடைசிவரிசை:
மாட்டிவிட்டீர்கள். நேற்று ராத்திரியிலிருந்து பதில் யோசிக்கிறேன்.

நீங்கள் படத்துக்குப் பக்கத்தில் போவதற்காக வேகத்தைக் குறைக்கிறீர்கள். அவர் படத்தை விட்டுச் சீக்கிரம் கிளம்புவதற்காகக் கூட்டுகிறார். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. ஆனால் '24 ஃப்ரேம், அதுதான் படம்' என்ற ரீதியில் பேசினேன் பாருங்கள், அதை வாபஸ் வாங்குகிறேன்.

நடுராத்திரி:
ஆக, என்ன நினைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன் என்பதை வைத்துத் தீர்ப்பு! பன்னிரண்டு பேரைக் கூட்டி ஒரு அறையில் உட்கார வைத்துவிடலாம்.

கடைசிவரிசை:
கிண்டல் இருக்கட்டும். 'உதிரிப்பூக்கள்' பார்த்திருக்கிறீர்களா? 1979, மகேந்திரன். கடைசியில் ஊரே திரண்டு கொடுமைக்கார சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குக் கூட்டிப்போகிறதே, கரையில் அவருடைய இரண்டு குழந்தைகள். அதை ஒன்றரை வேகத்தில் பார்த்துவிட்டு வந்து, எதுவும் தவறவில்லை என்று சொல்லுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நடுராத்திரி:
அதை ஒன்றரை வேகத்தில் பார்க்க மாட்டேன். சின்ன வயதில் டிவியில் பார்த்தது. அந்தப் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து அன்று தூக்கம் வரவில்லை.

ஃப்ரேம்கணக்கு:
25 ஃப்ரேமில் பார்த்திருப்பீர்கள்.

நடுராத்திரி:
உங்களை யார் கேட்டது?

ரீல்பெட்டி:
'டோக்கியோ ஸ்டோரி' அப்பாவாக வரும் சிஷு ரியூவுக்கு அப்போது 49 வயதுதான். எழுபதை ஒட்டிய கிழவராக நடித்திருக்கிறார். அவர் உட்காருவதும் எழுவதும்தான் அந்த வயது. உடம்பை அவ்வளவு நிதானமாக வைத்து நடித்த மனிதரை நீங்கள் ஓட வைத்துவிட்டீர்கள் தம்பி. இது ஒன்றுதான் எனக்கு உறுத்தியது.

நடுராத்திரி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். ரீல்பெட்டி ஐயா சொன்ன பிறகு கடைசி அரை மணி நேரத்தை மட்டும் சாதாரண வேகத்தில் மறுபடி பார்த்தேன்.

அம்மா இறந்த விடியலில் அப்பா வெளியே போய்த் தனியாக நிற்கிறார். மருமகள் நோரிகோ தேடி வருகிறாள். விடியல் அழகாக இருந்தது, இன்றைக்கு வெயில் கடுமையாக இருக்கும் என்பது போல ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறார். அவ்வளவுதான். முதல் தடவை இது எனக்கு வானிலை அறிக்கை மாதிரிப் போயிருக்கிறது. இந்தத் தடவை அவர் சொல்வதற்கு முன் இருக்கும் அமைதி முழுசாக இருந்தது, வேறு எதையுமே அவரால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அதற்காக முழுசாக மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதல் முக்கால் மணி நேரம் எனக்கு இன்னும் நீளம்தான். ஆறரை.

கடைசிவரிசை:
ஆறரையா! அந்த முக்கால் மணி நேரம் இருப்பதால்தான் அந்த விடியல் உங்களை நிறுத்தி வைத்தது. அதையும் சாதாரண வேகத்தில் பார்த்துவிட்டு மார்க்கைச் சொல்லுங்கள்.

நடுராத்திரி:
வேலைக்குப் போகிற ஆள் நான்.

மெல்லினம்:
அடுத்து 'ஜான் டீல்மான்' பாருங்கள். ஷாந்தால் ஆகர்மன், 1975, 201 நிமிடம். சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை 2022இல் விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் முதலிடம். ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், படுக்கையைச் சரி செய்கிறாள். மூன்று நாள். வசனம் குறைவு, அதனால் எனக்கே 1.0 போதும். இரண்டாம் நாள் அவள் வேலையில் சின்னச் சின்னதாகப் பிசகும். முதல் நாளை ஓட்டிவிட்டால் அந்தப் பிசகு கண்ணில் படாது.

ரீல்பெட்டி:
201 நிமிடமா? இரண்டாயிரம் அடி ரீல் பத்து வேண்டும். முதலாளி விட்டிருக்கவே மாட்டார்.

நடுராத்திரி:
உருளைக்கிழங்கு உரிப்பதையா! ஞாயிற்றுக்கிழமை 1.0இல் ஆரம்பிக்கிறேன். எங்கே போய் முடியும் என்று இப்போது சொல்ல முடியாது.