ஸ்கூல் பசங்களுக்கு போட்டோ வழியா இயற்கையும் ஓவியமும்: ஐடியா வேணும்

தும்பி_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ஏழாம் கிளாஸ் பசங்க, கையில இருக்கறது நாலஞ்சு பழைய டேப்லெட். சயின்ஸையும் டிராயிங்கையும் சேர்த்து போட்டோ மூலமா சொல்லித்தரலாம்னு வெளிய கூட்டிட்டுப் போனா, கண்ணுல பட்டதையெல்லாம் டக்கு டக்குனு எடுத்துத் தள்ளிட்டு மரத்தடியில உக்காந்துடறாங்க, இப்போ எடுத்தியே அந்தப் பூவுக்கு எத்தனை இதழ்னு கேட்டா திருதிருன்னு முழிக்கறாங்க. இவங்கள நின்னு பாக்க வைக்கறது எப்படி?

வெளிச்சப்பூச்சி:
எண்ணிக்கையைக் குறைங்க டீச்சர். ஒரு குரூப்புக்கு ஒரே இலை, மூணே போட்டோ. வெளிச்சம் முன்னாடியிருந்து விழறாப்ல ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, அப்புறம் இலையைத் தூக்கிப் பிடிச்சு பின்னாடியிருந்து வெளிச்சம் வர்ற மாதிரி ஒண்ணு (சூரியனை நேரா பாக்க விடாதீங்க). பக்கவாட்டு வெளிச்சத்துல மேடு பள்ளம், பொடி ரோமம் எல்லாம் எழுந்து நிக்கும், எதிர் வெளிச்சத்துல நரம்பு பூரா தெரியும். செம்பருத்தின்னா வலைப்பின்னல் (இருவித்திலை), புல்லுன்னா பக்கத்து பக்கத்துல நேர்க்கோடு (ஒருவித்திலை), அந்தப் பாடம் அங்கேயே முடிஞ்சுது. ரூல் ஆஃப் தேர்ட்ஸ் (படத்தை மூணு மூணாப் பிரிச்சு பொருளை அந்தக் கோட்டுல வைக்கற விதி) எல்லாம் இப்போதைக்கு பரண்ல போடுங்க.

கறுப்புவெள்ளை:
மேல சொன்னதுக்கு +1. கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட்னு ஒரு ஜெர்மன்காரர், பெர்லின்ல டிசைன் வாத்தியார், செடியோட மொட்டு, தண்டு, சுருண்ட பெரணித் தளிரையெல்லாம் பெருசாக்கி போட்டோ எடுத்து அதையே பசங்களுக்கு வடிவம் சொல்லித்தர வச்சிருந்தார், 1928ல தான் அது புத்தகமாவே வந்துச்சு. வெறும் பின்னணி, நடுவுல ஒரே செடி, அவ்ளோதான். எடுத்த போட்டோவைப் பாத்து பென்சில்ல வரைய சொல்லுங்க, இதழை எண்ணாம வரையவே முடியாது.

நீலத்தாள்:
கேமராவே இல்லாமலும் பண்ணலாமே, சயனோடைப்னு, மருந்து பூசின தாள்ல வெயிலை வச்சே நீலப் படம் எடுக்கற முறை. ஜான் ஹெர்ஷல்னு ஒரு ஆங்கிலேய விஞ்ஞானி 1842ல கண்டுபிடிச்சது, அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ்னு ஒரு தாவரவியலாளர் கடல்பாசியை நேரா தாள் மேல வச்சு நீலப் படமா எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் தண்ணில கரைச்சு தாள்ல பூசி இருட்டுல காயவச்சு, மேல இலை, அதுக்கு மேல கண்ணாடி, வெயில்ல வச்சு நிறம் மாறினதும் தண்ணில அலசணும். வெயில் பட்ட இடம் நீலம், இலை மறைச்ச இடம் வெள்ளை. தடியான இலைன்னா வெளிக்கோடு மட்டும் தான், மெல்லிசு இதழ் வச்சா உள்ள இருக்கற கோடும் லேசா விழும். கரைசலை நீங்களே கையுறை போட்டு கலக்குங்க, ஆசிட் எதுவும் கிட்ட வரக்கூடாது, பசங்களுக்கு ரெடிமேட் தாளே பெட்டர்.

தும்பி_டீச்சர்:
சூப்பர், ரொம்ப தேங்க்ஸ். மூணு போட்டோ விஷயம் அடுத்த வாரமே பண்ணப்போறேன். இன்னொண்ணு, எங்க டேப்லெட்டை பூச்சிக்குக் கிட்ட கொண்டு போனா மங்கலா வருதே?

வெளிச்சப்பூச்சி:
ஒரு அளவுக்கு மேல கிட்ட போனா டேப்லெட் கேமரா ஃபோக்கஸ் ஆகாது. கொஞ்சம் தள்ளி வந்து எடுத்துட்டு அப்புறமா கிராப் பண்ணிக்கோங்க, பூச்சியும் பறக்காது. கூடு, முட்டை இருந்தா மட்டும் எடுக்கவே வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.