புதுப்பிப்பு: இன்சுலின் போட்ட இடத்தில் அம்மாவுக்குத் தடிப்பு, காரணம் தெரிந்தது

அம்மாவுக்கு 30/70 கலவை இன்சுலின் போட்ட கால் மணி நேரத்தில் வயிற்றில் எட்டணா அளவுக்குச் சிவந்து தடித்து அரிக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

ஸ்பிரிட்டை நிறுத்தினோம், ஊசியை மாற்றினோம், அரிப்பு குறையவில்லை. இன்சுலினை அல்ல, அது மெதுவாக வேலை செய்வதற்காக அதில் கலந்திருக்கும் புரோட்டமின் என்ற புரதத்தைச் சந்தேகப்படச் சொன்ன நண்பர்தான் சரியாகச் சொல்லியிருக்கிறார். அலர்ஜி டாக்டர் முன்கையில் தனித்தனியாகக் குத்திப் பார்த்தார். புரோட்டமின் கலக்காத ரெகுலர் இன்சுலினுக்கு ஒன்றுமில்லை. புரோட்டமின் கலந்ததற்குப் பத்தே நிமிடத்தில் கொசுக்கடி போல வீங்கியது. இப்போது இரவில் கிளார்ஜின் (புரோட்டமின் இல்லாத, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின்), சாப்பாட்டுக்கு முன் ரெகுலர். மூன்று வாரமாகத் தடிப்பே இல்லை.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று: இதய அறுவை சிகிச்சையில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தை முறிக்கவும் புரோட்டமின்தான் போடுவார்களாம். அம்மாவின் மருத்துவ நோட்டில் முதல் பக்கத்திலேயே புரோட்டமின் அலர்ஜி என்று சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டேன்.