சின்னப் பூங்காவில் நடப்பதா, உட்காருவதா?

மரத்தடி:
எங்கள் தெருமுனைப் பூங்காவைப் புதுப்பிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சுற்றியுள்ள நடைபாதை நான்கடியிலிருந்து எட்டடி ஆகுமாம். நடுவில் பெரிய மரத்தடியில் இருக்கும் பெஞ்சுகள் போய்விடும், பதிலுக்கு மதில் ஓரமாக நான்கு வருமாம். பூங்கா மொத்தமே நூறடிக்கு அறுபதடி. இதில் இந்த வேலை தேவையா? நடக்கத் தெரு இருக்கிறது, மைதானம் இருக்கிறது, மொட்டை மாடிகூட இருக்கிறது. காசு கொடுக்காமல், "என்ன வேணும்" என்று யாரும் கேட்காமல், அரை மணி நேரம் சும்மா உட்கார நகரத்தில் வேறு எங்கே இடம்? சின்னப் பூங்கா உட்காருவதற்குத்தான். இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

காலைநடை:
வந்துவிட்டேன். தெருவில் நடக்கச் சொல்கிறீர்களே, கடைசியாக எப்போது நடந்தீர்கள்? நடைமேடை பூரா வண்டி நிற்கிறது. சர்க்கரைக்காக டாக்டர் என்னை தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்காத ஒரே இடம் பூங்காதான். நான்கடிப் பாதையில் எதிரெதிரே நாலு பேர் வந்தால் ரெண்டு பேர் சேற்றில் இறங்கணும். பெஞ்சு விஷயத்துக்கு வருவோம். காலை எட்டு மணிக்கு மேல் அதில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருத்தர் காலை நீட்டிப் படுத்திருப்பார், நாலு பேர் சீட்டாடுவார்கள். அதுக்கா சார் பூங்கா?

வரைபடம்:
கட்டடக்கலை என் தொழில் என்பதால் உள்ளே வருகிறேன். நியூயார்க்கில் 53வது தெருவில் பேலி பார்க் என்று ஒன்று உண்டு. 1967-ல் திறந்தார்கள். பரப்பு சுமார் 4,200 சதுர அடி, நம் கணக்கில் பத்து சென்ட்டுகூட முழுசாக வராது. நடைபாதை என்று தனியாக எதுவும் கிடையாது. கடைசிச் சுவரில் இருபதடி உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டும், அந்தச் சத்தத்தில் தெருவின் இரைச்சல் அமுங்கிவிடும். தலைக்கு மேல் மரங்கள். கீழே தூக்கி நகர்த்தக்கூடிய நாற்காலிகள். அவ்வளவுதான். உலகம் முழுக்கப் படிப்பவர்களுக்கு அதைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

வில்லியம் ஒயிட் என்பவர் 1970-களில் அந்த ஊரின் பொது இடங்களில் கேமரா வைத்து, மக்கள் எங்கே வருகிறார்கள், எங்கே வராமல் போகிறார்கள் என்று பார்த்தார். அழகோ பரப்போ அதைத் தீர்மானிக்கவில்லை. உட்கார வசதி இருக்கும் இடத்துக்கே ஜனம் வந்தது. இன்னொன்றும் கவனித்தார்: நகரும் நாற்காலி கிடைத்தால், உட்காரும் முன் அதை நாலு அங்குலமாவது தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். வெயிலுக்காகக்கூட இல்லை, சும்மா.

காலைநடை:
தம்பி, அது தனியார் அறக்கட்டளை நடத்தும் இடம். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், ராத்திரி பூட்டுகிறார்கள். நம் பூங்காவில் நகரும் நாற்காலி போட்டால் மறுநாள் அது எந்த வீட்டு வாசலில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு விஷயம். உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு வைத்திருக்கும் அளவுகோலில், வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர் பசுமை இடம் இருக்கணும். அரை ஹெக்டேர் என்றால் ஒன்றே கால் ஏக்கர். நம்முடையது அதில் ஒரு மூலைக்குக் காணாது. இருக்கிற துண்டு நிலத்தை உடம்புக்கு உபயோகமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறேன், இதில் என்ன தப்பு?

மரத்தடி:
அதே அளவுகோலில் 300 மீட்டர் என்பதையும் பாருங்கள் சார். எட்டி நடந்தால் அஞ்சு நிமிஷம்கூட ஆகாத தூரம். பக்கத்தில் இருப்பதுதான் இதன் முழுப் பலமும். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போகிற பெரிய பூங்காவோடு இது போட்டி போட வேண்டாம்.

உங்கள் பாதைக் கணக்கையும் போட்டுவிடுவோம். நூறுக்கு அறுபது நிலத்தில் ஓரமாக ஒரு சுற்று, நான்கடிப் பாதையின் நடுவில் நடந்தால், சுமார் 304 அடி. மூன்று கிலோமீட்டருக்கு முப்பத்திரண்டு சுற்றுக்கு மேல். பாதை எட்டடியானால் நீளம் ஓர் அங்குலமாவது கூடுமா? கூடாது. ஆனால் பாதை தின்னும் நிலம் 1,216 சதுர அடியிலிருந்து 2,304 ஆகும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிமெண்ட். அடிமரம் வரைக்கும் கல் பதித்தால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் எப்படிப் போகும்? அப்புறம் நீங்கள் நடப்பது நிழலிலா, வெயிலிலா?

ரெண்டுவாண்டு_அம்மா:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் மூச்சு விடுங்க. அந்தப் பூங்காவுக்குச் சாயங்காலம் பிள்ளைகளோட போறவ நான். இப்ப இருக்கிற பெஞ்சு எதைப் பார்த்து இருக்குன்னு யாராவது கவனிச்சீங்களா? ஒண்ணு மதில் சுவரைப் பார்த்து. இன்னொண்ணு மரத்தைப் பார்த்து. ஊஞ்சலுக்கு முதுகு காட்டி! சின்னவன் சறுக்குல ஏறினா நான் கழுத்தைத் திருப்பியே உட்காரணும். அதனால உட்காரறதே இல்லை, சறுக்குமரத்துக் காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அதுல முதுகு சாய பலகை இருக்கா? கிடையாது. எங்க மாமியாருக்குக் கை ஊன்றி எழுந்திருக்க ஓரத்துல பிடி வேணும். பிடி இருக்கு, ஆனா பெஞ்சுக்கு நட்ட நடுவுல! யாரும் படுக்கக் கூடாதாம். அந்த ஒரு இரும்புக் கம்பிக்காக ரெண்டு பாட்டிகள் சேர்ந்து உட்கார முடியறதில்லை.

வரைபடம்:
மேடம் சொன்னதுதான் சரியான இடத்தில் விழுந்த அடி. ஒயிட் பார்த்ததில் இதுவும் உண்டு: நன்றாக இயங்கும் இடங்களில் பெண்களின் விகிதம் சராசரியைவிட அதிகம். அவர்கள் வராவிட்டால் இடத்தில் ஏதோ கோளாறு. சீட்டாடுகிறவர்களை விரட்டுவதைப் பற்றியும் அவர் சொன்னது எளிது. மற்றவர்கள் வந்து உட்காரும்படி இடத்தை நல்லதாக்குங்கள், அதைவிடப் பெரிய காவல் இல்லை.

மதியவெயில்:
காலைநடை சார், காலை நீட்டிப் படுத்திருப்பார்னு எழுதினீங்களே, அதுல ஒருத்தன் நான். டெலிவரி வேலை. மதியம் ரெண்டிலிருந்து நாலு வரை ஆர்டர் வராது. ரூமுக்குப் போய்த் திரும்ப பெட்ரோலுக்குக் கட்டாது. பையைத் தலைக்கு வெச்சு, ஹெல்மெட்டைக் கைக்குள்ள மாட்டிக்கிட்டு இருபது நிமிஷம் கண்ணை மூடுவேன். நீங்க அந்நேரம் வீட்ல தூங்கிக்கிட்டு இருப்பீங்க, அதனால நான் யாருக்கு இடைஞ்சல்னு எனக்குப் புரியலை.

காலைநடை:
உங்களைச் சொல்லவில்லை தம்பி. ஆனால் சீட்டாட்டக் கும்பல் வெற்றிலை துப்பிவிட்டுப் போவதைக் கழுவ யார் வருகிறார்கள்? தோட்டக்காரர் வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். ஆளே இல்லாத இடத்தில் நாலு நடக்கிறவர்கள் சுற்றிக்கொண்டிருந்தால் அதுவும் காவல்தானே?

மரத்தடி:
காவல்தான், காலை ஏழு வரைக்கும். அதுக்கப்புறம்? நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பூங்காக்களை ஒப்பிட்டு இதைக் காட்டினார். ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்தைச் சுற்றி வீடு, கடை, அலுவலகம் எல்லாம் கலந்து இருந்ததால் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒவ்வொரு வகை ஆள் வந்தார்கள், இடம் உயிரோடு இருந்தது. சுற்றிலும் அலுவலகமாகவே இருந்த வாஷிங்டன் சதுக்கத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டினால் வெறிச்சோடியது. உங்களுக்குக் காலை, மதியவெயிலுக்கு ரெண்டு மணி, மேடத்துக்குச் சாயங்காலம். இந்த வரிசையில் ஒருத்தரைக் கழற்றினாலும் சீட்டுக் கட்டுக்குத்தான் இடம் விடுகிறோம். எட்டடிப் பாதை போட்டால் மூன்றில் ரெண்டு பேரைக் கழற்றுகிறீர்கள்.

ரெண்டுவாண்டு_அம்மா:
நோட்டீஸ்ல ஆட்சேபணை எழுதித் தரச் சொல்லி இருக்கு. நான் எழுதிட்டேன்: பெஞ்சை எடுக்காம ஊஞ்சல் பக்கம் திருப்புங்க, நடுக்கம்பியைக் கழற்றி ஓரத்துல மாட்டுங்க. நாலு போல்ட் வேலை. கையெழுத்துப் போட வர்றவங்க வாங்க. காலைநடை சார், நீங்களும்தான்.

காலைநடை:
பெஞ்சைத் திருப்புவதற்குப் போடுகிறேன். பாதை ஆறடி ஆகணும் என்று கீழே தனியாக ஒரு வரி சேர்ப்பேன், அதில் யாரும் கைவைக்கக் கூடாது.

மரத்தடி:
அஞ்சடி.