ஷாம்பு பாட்டிலில் தெளிவு, தண்ணீரில் கலந்தால் வெள்ளை. ஏன்?

நுரைப்பூ:
வணக்கம். வீட்டிலேயே சிறிய அளவில் ஷாம்பு தயாரித்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். நுரைக்கவும் அழுக்கு நீக்கவும் எஸ்எல்ஈஎஸ், கோகோ பீட்டெயின், முடி மென்மைக்கு 0.3 சதவீதம் பாலிகுவாட்டர்னியம்-10, கெட்டியாக்கக் கொஞ்சம் உப்பு, பிஎச் 5.5. பாட்டிலில் நல்ல தெளிவு. ஆனால் மக்கில் ஊற்றித் தண்ணீர் கலந்தவுடன் கலங்கி வெள்ளையாகிறது. கெட்டுப்போன சரக்கு என்று ஒரு அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். பாலிகுவாட் இல்லாமல் செய்து பார்த்தேன், கலங்கவில்லை. அதை நிறுத்திவிடலாமா?

கூழ்மக்காரன்:
நிறுத்தவே நிறுத்தாதீர்கள் சகோதரி. அந்த வெள்ளைதான் உங்கள் ஷாம்பு வேலை செய்யும் இடம்.

பாலிகுவாட் ஒரு பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறு; அந்தச் சங்கிலியில் நேர்மின்சுமை. எஸ்எல்ஈஎஸ் ஒரு சர்ஃபாக்டன்ட், அதாவது நீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் கொண்ட மூலக்கூறு; அதன் தலையில் எதிர்மின்சுமை. பாட்டிலுக்குள் பாலிமரைவிட எஸ்எல்ஈஎஸ் பல மடங்கு அதிகம். ஒவ்வொரு சங்கிலியிலும் தேவைக்கு மேலேயே மைசெல்கள் (சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் கூடிய நுண் உருண்டைகள்) ஒட்டிக்கொள்வதால் மொத்தக் கட்டும் எதிர்மின்சுமை பெறுகிறது. கட்டுகள் ஒன்றையொன்று தள்ளுவதால் கரைந்தே இருக்கின்றன. தண்ணீர் ஊற்றும்போது ஒட்டியிருந்த சர்ஃபாக்டன்ட்டில் ஒரு பங்கு பிரிந்து போகிறது. இரண்டு மின்சுமைகளும் ஏறக்குறையச் சமமாகும் நிலையில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. கட்டுகள் சேர்ந்து, பாலிமர் செறிந்த நுண் திரவத் துளிகளாகப் பிரிகின்றன. இதற்குக் கோஅசர்வேட் என்று பெயர். 1929இல் புங்கன்பர்க் டி யோங், குரூய்ட் என்ற இரண்டு டச்சு வேதியியலாளர்கள் வைத்த பெயர் அது. நீங்கள் பார்க்கும் வெண்மை, அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதுதான்.

தலைமுடியின் மேற்பரப்பும் பிஎச் 5.5இல் எதிர்மின்சுமை கொண்டது. துளிகள் அங்கே போய்ப் படிகின்றன. வெயிலிலும் சாயத்திலும் அடிபட்ட நுனிகளில் எதிர்மின்சுமை கூடுதல், அதனால் அங்கேதான் அதிகம் படியும். சிலிக்கோன் சேர்த்த ஷாம்புகளில் அதையும் முடிக்கு இழுத்து வருவது இதே துளிகள்தான்.

தென்றல்77:
அப்போ எதிரெதிர் மின்சுமை ஈர்ப்புதான் எல்லாம், சரியா? பாலிகுவாட்டுக்குப் பதில் கண்டிஷனரில் போடும் செட்ரிமோனியம் குளோரைடு போட்டால் என்ன?

கூழ்மக்காரன்:
ஈர்ப்பு மட்டும் என்று நினைத்தால் பாதிக் கதை விட்டுப்போகும். தனியாக இருக்கும்போது பாலிமர் சங்கிலி தன் குளோரைடு அயனிகளையும் மைசெல் தன் சோடியம் அயனிகளையும் பக்கத்திலேயே பிடித்து வைத்திருக்கின்றன. இரண்டும் ஒட்டியதும் அந்தச் சிறு அயனிகள் விடுபட்டுக் கரைசலெங்கும் திரிகின்றன. அந்தச் சுதந்திரத்தால் கூடும் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவுதான் இந்தச் சேர்க்கையின் முக்கிய உந்துதல். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது: தானே கட்டமைகிற ஒரு பொருளை, ஒழுங்கின்மை கூடுவதே கட்ட வைக்கிறது.

சர்ஃபாக்டன்ட்டின் வால்களும் ஒன்றையொன்று தேடும். எஸ்எல்ஈஎஸ்ஸின் நெருங்கிய உறவான எஸ்டிஎஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்: தனித் தண்ணீரில் அது மைசெல் உருவாக்கச் சுமார் 8 மில்லிமோலார் செறிவு வேண்டும். நேர்மின்சுமைப் பாலிமர் இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவிலேயே சங்கிலியின் மீது கூட்டம் கூடத் தொடங்கிவிடும்.

செட்ரிமோனியம் வேண்டாம். அது சிறிய மூலக்கூறு. எஸ்எல்ஈஎஸ்ஸோடு ஒன்றுக்கொன்று ஜோடி சேர்ந்தால் நுரை குறையும், படிவு இறங்கவும் வாய்ப்புண்டு.

நுரைப்பூ:
நன்றி அண்ணா. உப்பு இதில் எப்படி வருகிறது? குறைக்கட்டுமா?

கூழ்மக்காரன்:
கரைசலில் ஏற்கெனவே உப்பு அயனிகள் நிறைந்திருந்தால், அயனிகளை விடுவிப்பதில் கிடைக்கும் லாபம் குறைகிறது. மின்சுமைகளும் ஒன்றுக்கொன்று மறைக்கப்படுகின்றன. அதனால் உப்பு அதிகமானால் துளி பிரிவதே குறைந்துவிடலாம், முடியில் படிவதும் அப்படியே. கெட்டியாவதற்குத் தேவையான அளவோடு நிறுத்துங்கள்.

கண்ணாடி டம்ளர்களில் ஒரு பங்கு ஷாம்புக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, உப்பு அளவை மாற்றி மாற்றிப் பாருங்கள். சீரான மூட்டம் வந்தால் நல்லது. நார் நாராகவோ திப்பி திப்பியாகவோ இறங்கினால் கலந்த வரிசையைச் சந்தேகியுங்கள். முதலில் பாலிமர் தண்ணீரில் முழுதாக ஊற வேண்டும், பிறகு எஸ்எல்ஈஎஸ், கடைசியில் உப்பு. அவசரமாகக் கொட்டினால் அந்தந்த இடத்தில் உருவாகும் கட்டிகள் கரைய வேண்டிய நிலையிலும் நாள்கணக்கில் கரையாமல் சிக்கி நிற்கும். தண்ணீர் சேர்க்காமல் பாட்டிலுக்குள்ளேயே மூட்டம் வந்தால் அதுவும் கோளாறுதான்.

அந்த அம்மாவுக்கு விளக்கம் வேண்டாம். பாலிகுவாட் உள்ளது, இல்லாதது இரண்டையும் சிறு பாட்டிலில் கொடுங்கள். அலசிய ஈர முடியைச் சீப்பால் வாரிப் பார்க்கச் சொல்லுங்கள்.