புதுப்பிப்பு: இருவரின் வெளிநாட்டுப் பயணப் படங்களை ஒரே வரிசையில் சேர்ப்பது

முந்தைய பதிவு சுருக்கமாக: கணவன் மனைவி இருவரின் சுற்றுலா, அலுவலகப் பயணப் படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு எடுத்த நேரப்படி அடுக்குவது. அப்படிச் செய்ததும் வரிசை குழம்புவதாகப் பலர் கேட்டிருந்தீர்கள்.

காரணம் பெரும்பாலும் கேமராதான். போன் அந்தந்த நாட்டு நேரத்துக்குத் தானாக மாறிவிடும். பல கேமராக்கள் கிளம்பிய நம் ஊர் நேரத்திலேயே நிற்கும். இருவரும் ஒரே நொடியில் எடுத்த படம் ஒன்றைத் தேடுங்கள். போனில் 14:10, கேமராவில் 17:40 என்றால், கேமரா படங்களில் மட்டும் 3 மணி 30 நிமிடம் கழிக்க வேண்டும். படத்தில் பதிந்திருக்கும் நேரம் போன்ற விவரங்களைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் (ExifTool) என்ற மென்பொருளில் இதை மொத்தமாகச் செய்யலாம், மூலப்பிரதியையும் அது தனியே வைத்துக்கொள்ளும். ஒரே பயணத்தில் இரண்டு நாடு என்றால் நாட்டுக்கு நாடு தனிக் கணக்கு. இனிமேல் போகும்போது, இறங்கியதும் போன் கடிகாரத்தைக் கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், தேடும் வேலை மிச்சம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் இரண்டும் போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

அலுவலகப் போனில் எடுத்தவற்றை வேலை மாறும் முன்பே நகலெடுங்கள். திருப்பிக் கொடுத்தபின் கிடைக்காது.

படங்களோடு எடுத்துவைக்கும் பில், போர்டிங் பாஸ் பெரும்பாலும் வெப்பத்தாள், அதாவது சூட்டால் எழுத்து பதியும் தாள். லேமினேட் செய்யவே கூடாது, சூட்டில் முழுத்தாளும் கறுத்துவிடும். பிவிசி பிளாஸ்டிக் உறையும் செல்லோடேப்பும் எழுத்தை மங்கவைக்கும். முதலில் 300 டிபிஐ (ஸ்கேனின் தெளிவு அளவு) வைத்து ஸ்கேன், பிறகு பாலிப்ரோப்பிலீன் என்ற வேறு வகை பிளாஸ்டிக் உறை. போர்டிங் பாஸை வெளியே பகிர்வதானால் பார்கோடை மறைத்துவிடுங்கள், அதில் பெயரும் முன்பதிவு எண்ணும் இருக்கும்.